கவலை நமக்கு இல்லை, வீட்டில் இருந்தது

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், வடம் இழுத்த களைப்போடு மணலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், பனிக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இன்னும் எழுந்து போகாமல் இருக்கும் அம்மாமார்களுக்கும் பொங்கல் வணக்கம்.

"கவலையில்லாத இளமைக்காலத்தை எண்ணி ஏங்குவது மனதுக்கு மருந்தா, மயக்கமா?" இதுதான் தலைப்பு. மருந்துதான் என்று எதிரணித் தலைவர் அண்ணன் பேசினார். குளம், மாத்தூர் தொட்டிப்பாலம், ஒட்டுபால் பந்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, சாளை மீன் கறி, கேசட் பாட்டு என்று வரிசையாக வந்தது. அவர் முடித்தபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும். ஆனால் ஐயா, அது மருந்து சாப்பிட்டவர் முகமா? கண் செருகிப் போய் நாற்காலியில் சாய்ந்தவர் இன்னும் 1985-ல் இருந்து திரும்பி வரவில்லை. அவரைக் கை காட்டிவிட்டே நான் உட்கார்ந்துவிடலாம். பத்து நிமிடம் தந்துவிட்டீர்கள், அதனால் பேசுகிறேன்.

அந்தக் காலம் இனிமையாக இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. நானும் இதே ஊர்தான். ரப்பர் விளையில் சிரட்டை ஓரத்தில் காய்ந்து கிடக்கிற ஒட்டுபாலை உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்து செய்து எறிந்தவள்தான். அண்ணனுக்கு அப்போது கவலை இல்லை என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. கவலையே இல்லையா, அல்லது அது அவர் வீட்டில் வேறொருவரிடம் இருந்ததா?

அந்த ஒட்டுபால் பந்தையே எடுத்துக்கொள்வோம். பால்வெட்டுக்குப் போகிறவர் விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குள் மரத்துக்கு மரம் ஓட வேண்டும். இருட்டில் காலடியில் என்ன கிடக்கிறதோ தெரியாது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. "மழை பெய்தால் பள்ளிக்கூடம் லீவு, என்ன ஆனந்தம்" என்றார் அண்ணன். அதே மழையில் கூலி போன வீட்டில் அடுப்பங்கரையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஆனந்தம்.

என் அம்மா அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு, வேலைக்குப் போனவர். இங்கே முன்வரிசையில் இருக்கிற பாட்டிமாரில் பலபேர் போனவர்கள்தான். அண்டியைத் தல்லி உடைக்கும்போது தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் கையைப் பொள்ளிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தல்லுவார்கள், அப்படியும் விரல் கறுத்துத் தோல் உரியும். அந்தக் கையில் உப்பும் புளியும் பட்டால் எரியும். நாங்கள் விரலைச் சப்பிச் சப்பித் தின்ற சாளைக் கறியை அம்மா கரண்டியால் சாப்பிட்டார். அது ஒரு ஸ்டைல் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "அந்தச் சாளைக் கறி ருசி இப்போது வருமா?" என்று கேட்டார் அண்ணன். வராது. கறி வைத்தவரிடம் கேட்டால் வரவே வேண்டாம் என்பார்.

மரச்சீனிக்கு வருகிறேன். அதைப் பற்றி அண்ணன் சொன்னபோது எனக்கும் நாவில் எச்சில் ஊறியது, மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கிழங்கு நம் வீட்டுக்கு ருசிக்காக வந்த விருந்தாளி இல்லை. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் இதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பியது ஏழைகளின் பசிக்காக. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாம் அப்போது திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல்தான். அந்தப் பஞ்சத்தில் இங்கே பல வீடுகளில் உயிரைப் பிடித்து வைத்தது கிழங்குதான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும், கையில் காசு இல்லாத வாரத்தில் காலையிலும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. இன்று அதையே ஹோட்டலில் வாழையிலை போட்டு, மீன் கறியோடு விலை சொல்லி விற்கிறார்கள். அண்ணன் காரில் போய்ச் சாப்பிட்டுவிட்டு "அம்மா கைப்பக்குவம்" என்று கண் கலங்குகிறார். கிழங்கு அவித்த அன்றைக்கு அரிசிப் பானை ஏன் காலி என்று அம்மாவிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா?

1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அண்ணனும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற கதையை ரசித்துச் சொன்னார், நாமும் சிரித்தோம். கவலையில்லாத நாட்டில் பள்ளிக்கூடத்தில் உலை வைக்க வேண்டிய தேவை என்ன? பசியோடு வந்த பிள்ளைகள் இருந்ததால்தானே வைத்தார்கள்.

இனி டேப் ரெக்கார்டர். அண்ணன் பேச்சிலேயே உச்சம் அதுதான். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன அப்பா கொண்டுவந்த பெட்டி, திண்ணையில் அதை வைத்து ஊரே கூடிப் பாட்டுக் கேட்டது, ஒரே கேசட்டில் மாற்றி மாற்றிப் பாட்டுப் பதிந்தது. கேட்கக் கேட்க இனிமைதான்.

அந்தக் கேசட் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். போன் இல்லாத வீடுகள். கடிதம் போய்ச் சேரவே நாள் கணக்காகும், அம்மாவுக்கு எழுத வராத வீடும் உண்டு. அதனால் கேசட்டில் குரலைப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். "பேசு மக்கா, அப்பா கேப்பாரு" என்று அம்மா பட்டனை அமுக்குவார். பிள்ளை என்ன பேசும்? அடுத்த தடவை வரும்போது வாட்ச் வேண்டும், சட்டைத்துணி வேண்டும், பாட்டு கேசட் வேண்டும். அந்தப் பக்கம், ஒரே அறையில் பலபேர் அடுக்கடுக்காகப் படுத்திருக்கிற இடத்தில், அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். பதில் கேசட்டில் நன்றாக இருக்கிறேன் என்பார். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், பிள்ளை முதல் இரண்டு நாள் பக்கத்தில் போகாது, பழகி மடியில் ஏறும்போது லீவு முடிந்திருக்கும்.

அந்தப் பதில் கேசட்டின் மேல்தான், நடுவர் ஐயா, நாம் பாட்டைப் பதிந்தோம். அண்ணன் வீட்டில் மட்டுமில்லை, எத்தனையோ வீட்டில். மேலே பதிந்த பாட்டு இன்றைக்கும் வரிக்கு வரி அவருக்கு நினைவிருக்கிறது. அடியில் இருந்த குரல் என்ன சொன்னது? முப்பது வயதில் போய் ஐம்பது வயதில் சர்க்கரையோடும் முட்டிவலியோடும் திரும்பி வந்த அந்த மனிதருக்கும் ஓர் இளமை இருந்தது. அதை எண்ணி ஏங்க அவருக்கு எந்தத் திண்ணை இருந்தது?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தமிழ் படித்தவர், புறநானூற்றின் 243-ஆம் பாட்டை எடுத்து வந்தார். கோலூன்றி நிற்கிற ஒரு கிழவர், சின்ன வயதில் மருத மரக் கிளையில் ஏறி மடுவில் குதித்ததையும், அடியில் போய் மணலை அள்ளி வந்து காட்டியதையும் நினைக்கிறார். நம்ம ஊர்க் குளத்தில் நேற்று வரை நடந்த அதே விளையாட்டு. அருமையான பாட்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெரியவர் இருமலுக்கு இடையிடையே நாலு சொல் பேசுகிறார் என்றல்லவா பாட்டு முடிகிறது? இளமையை நினைத்ததும் இருமல் நின்றது என்று எந்த உரையாசிரியராவது எழுதியிருக்கிறாரா? மருந்து என்றால் இருமலாவது நிற்க வேண்டாமா ஐயா?

குளத்தைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்தில் எனக்கு இருந்த இடம் நான் வயதுக்கு வந்த அன்றோடு முடிந்தது. அண்ணன்மாருக்கு அது காலேஜ் முடியும்வரை திறந்தே கிடந்தது. எனக்கும் முழுதாக மூடவில்லை, படித்துறையை விட்டுவைத்தார்கள். அவர்கள் சேறாக்கிய சட்டையைத் துவைக்க. எதிரணியில் "அந்தக் காலம், அந்தக் காலம்" என்று உருகியவர்கள் இருவரும் ஆண்கள் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் இனிய நினைவுகள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் நினைவில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று எப்போதும் குறுக்கே வரும்.

"அன்று சாதி மதம் பார்க்காமல் பழகினோம்" என்றும் ஒரு வரி வந்தது. பழகியவர்கள் இருந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதே எண்பதுகளில், 1982-ல், மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரம் இங்கே நரைத்த தலை எல்லாவற்றுக்கும் தெரியும். திருவிழா மேடை, அதற்கு மேல் வேண்டாம். நினைவு எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஆராய்ச்சி சொல்கிறது என்றார் அண்ணன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள், பழைய நினைவு நமக்கு மனிதர்கள் உண்டு என்ற தெம்பைத் தருகிறது என்று கண்டது உண்மைதான். அந்த ஏக்கம் பெரும்பாலும் மனம் சோர்ந்து தனியாக இருக்கும்போது வருகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான், அதை மட்டும் அண்ணன் விட்டுவிட்டார். இன்னொன்றும் உளவியலில் உண்டு. நாற்பது தாண்டியவர்களை வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வரை உள்ள நினைவுகள்தான் கூட்டமாக வருகின்றன. முதல் சைக்கிள், முதல் வேலை, முதல் காதல் எல்லாம் அதில்தானே அடங்கும். அதாவது அந்த வயது மனதில் ஆழமாகப் பதிகிறது. ஆழமாகப் பதிந்ததாலேயே அந்தக் காலம் நல்ல காலம் என்று ஆகிவிடுமா? 2004 டிசம்பர் 26-ல், சுனாமி வந்த அன்று, குளச்சலிலோ கீழமணக்குடியிலோ பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த ஒருவரிடம் போய், உங்கள் இளமைக்காலத்தை எண்ணி ஏங்குங்கள், மனதுக்கு நல்லது என்று எதிரணி சொல்லிப் பார்க்கட்டும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், கிழவர்கள் ஏங்கிவிட்டுப் போகட்டுமே என்று நடுவர் நினைக்கலாம். நஷ்டம் அதோ மணலில் உட்கார்ந்திருக்கிறது. "நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்" என்று நாம் தொடங்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். தொட்டிப்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நடந்ததை வீரமாகச் சொன்னார் அண்ணன். 1966-ல் பரளியாற்றுக்கு மேலே தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பாலம் அது, கீழே பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும். அவர் மகன் அங்கே ஓரமாக நின்று ஒரு செல்ஃபி எடுத்தால் மட்டும் வீட்டில் ரகளை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். அப்படிப் படித்த பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், வாடகையும் லோனுமாக அலைகிறார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் லீவில் வருகிறவனிடம், உனக்கு வாழ்க்கை என்றால் என்னவென்றே தெரியாது என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். அவன் மாதாமாதம் அனுப்புகிற பணத்தில்தான் நம் கவலை குறைகிறது. அன்று அப்பா அம்மா, இன்று பிள்ளை. நடுவில் நாம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்!

மணி அடித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். அடுத்து எதிரணிக்காகப் பேச டீச்சர் அக்கா வருகிறார். எனக்கும் பிடித்தவர், நன்றாகக் கதை சொல்வார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, சூடாகப் புட்டும் பயறும் தின்றுவிட்டு விளையாடப் போன கதை நிச்சயம் வரும். அக்கா, அந்தப் புட்டுக்கு மாவு இடித்தது யார், அவர் அன்றைக்கு எந்த வேலைக்குப் போய்விட்டு எத்தனை மணிக்கு வந்தார், மிச்சம் இருந்ததை எப்போது சாப்பிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகும் உங்கள் ஏக்கம் மருந்தாகவே இருந்தால், கைதட்டலை எங்கள் அணியே தொடங்கிவைக்கும். நன்றி, வணக்கம்.