ரத்தம் ஊறும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனைகட்டி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். நான் அந்தப் பக்கத்துக்காரன். அட்டப்பாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, விரலில் குத்துகிற ஆள். என்னைத் தெருவில் பார்த்தாலே குழந்தைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். வானொலியில் பேசச் சொன்னதும் உடனே சரி என்றேன். இங்கே யாரும் என்னைப் பார்த்து ஓட முடியாது.

அகளியில் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றால் மலையாளம், தமிழ், இருளர் பேச்சு, முடுகர் பேச்சு எல்லாம் காதில் விழும். ரத்தசோகைக்கு மலையாளத்தில் ‘விளர்ச்ச’ என்று பெயர். பழைய தமிழில் விளர்த்தல் என்றால் வெளுத்துப்போவது. நாம் கைவிட்ட சொல்லை அவர்கள் ஆஸ்பத்திரி போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் பேச்சில் அதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறது: ‘ரத்தம் ஊறுவது’. முருங்கைக்கீரை தின்றால் ரத்தம் ஊறும், பேரீச்சம்பழம் தின்றால் ரத்தம் ஊறும். கிணற்றில் தண்ணீர் ஊறுவதைப் போல. நான் இன்று பேசப்போவது அந்த ஊற்றைப் பற்றித்தான். ஏனென்றால், கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் எல்லாக் கிணற்றிலும் ஒரே மாதிரி ஊறாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வந்தது. ஐந்தாம் மாதம். கூடவே மாமியார். மாமியார் என்றால் வெளியார் இல்லை, அந்தப் பெண்ணின் சொந்த அத்தை. அப்பாவின் கூடப் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவது சாதாரணம். அத்தை வாசலில் இருந்தே ஆரம்பித்துவிட்டார். “ஏனுங்க, இவளுக்கு எப்பப் பார்த்தாலும் ரத்தமில்லைங்கறாங்க. கீரையைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. அப்புறம் எப்படீங்க ஊறும்?” அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. கையில் நாலு பழைய ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சரக்கு, பத்துக்குப் பக்கம். டவுனில் ஒரு லேபில் எடுத்தவை. நாலிலும் ‘ரத்தசோகை’ என்று எழுதி, கீழே கையெழுத்து. சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள், பெண்ணும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறது. எண் மட்டும் அசையவில்லை.

அந்த ரிப்போர்ட்டில் யாரும் பார்க்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஊற்றுக்குப் போய்விட்டு வருவோம்.

வளர்ந்த ஆளுக்கு ரத்தம் ஊறுவது எலும்புக்குள். இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்பு, இவற்றுக்குள் இருக்கும் சிவந்த மஜ்ஜையில். தாயின் வயிற்றில் இருக்கும்போது இடம் வேறு. அங்கே பெரும்பாலான மாதங்கள் ஈரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. மஜ்ஜையில் ஸ்டெம் செல் என்ற மூல அணுக்கள் இருக்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என எல்லாமே அவற்றின் பிள்ளைகள். சிவப்பணு மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் பிறக்கிறது. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் எலும்புக்குள் கோவை ஜனத்தொகையைவிட அதிகமான அணுக்கள் பிறந்துவிட்டன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாள்.

ஒரே மூல அணு எப்படிச் சிவப்பாகவும் வெள்ளையாகவும் பிரிகிறது? அணுவுக்குள் இருக்கிற மரபணுக்களில் எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதைப் பொறுத்து. சில மரபணுக்கள் மேஸ்திரி மாதிரி. தாங்களே கல் சுமக்காது, மற்றவர்களை ஏவும். அதில் ஒன்று ‘கேட்டா-1’. மரபு எழுத்துகளில் ஜி, ஏ, டி, ஏ என்று வரிசையாக வரும் இடங்களைத் தேடிப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். அதன் கை ஓங்கினால் அணு சிவப்பணுவாகவோ தட்டணுவாகவோ போகும். ‘பியு-1’ என்ற இன்னொரு மேஸ்திரியின் கை ஓங்கினால் வெள்ளையணுப் பக்கம் போகும். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். ஒரு வேலைத்தளத்தில் இரண்டு மேஸ்திரி இருந்தால் நடப்பதுதான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். அதாவது, தன்னை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்த புத்தகத்தை வீசிவிட்டுத்தான் ரத்தத்தில் இறங்குகிறது. அதற்குப் பிறகு எதையும் திருத்த முடியாது. எழுத்துப் பிழை இருந்ததா, அந்தப் பிழையோடுதான் 120 நாளும் ஓட வேண்டும். அத்தனை நாள் ஓடாமலும் போகலாம்.

புத்தகத்தில் முக்கியமான பாடம் ஹீமோகுளோபின். அதற்கு ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு வேண்டும். ஆல்பாவுக்கான குறிப்பு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பீட்டாவுக்கானது 11ஆம் குரோமோசோமில். இரண்டு அடுப்பில் தனித்தனியாக அரிசியும் பருப்பும் வேகிற மாதிரி. அளவு சரியாக இருந்தால் நல்ல சாப்பாடு. பீட்டா குறைந்தால் ஆல்பா மிஞ்சிப்போய், வளர்ந்துவரும் அணுவையே கெடுத்துவிடும். பல அணுக்கள் மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்குள் செத்துப்போகும். இதுதான் பீட்டா தலசீமியா. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான குறிப்பு வந்தால் கடுமையான நோய். குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. ‘கேரியர்’ என்பார்கள். சிவப்பணு சின்னதாக இருக்கும், ஹீமோகுளோபின் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். ஆள் தோட்டத்தில் களை எடுப்பார், பிள்ளை பெறுவார், பேரனை வளர்ப்பார்.

சரி, அந்தப் பெண்ணின் ரிப்போர்ட். சிவப்பணுவின் சராசரி அளவு 63 என்று இருந்தது. 80க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் அணு சிறுத்துப்போகும், அதனால்தான் எல்லாரும் இரும்பு என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 51 லட்சம். இரும்பு இல்லாத வீட்டில் இவ்வளவு அணு பிறக்காது. சரக்கு இல்லாத கடையில் கூட்டம் நிற்குமா? லேப்காரர்களுக்குள் ஒரு பழைய கணக்கு உண்டு: அளவை, மில்லியனில் சொன்ன எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 63ஐ 5.1ஆல் வகுத்தால் 12 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரோ என்று சந்தேகப்படு. மெண்ட்சர் கணக்கு என்று பெயர். சந்தேகத்துக்குத்தான் அது, தீர்ப்புக்கு இல்லை. தீர்ப்புக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். டாக்டரிடம் சொன்னேன், எழுதித் தந்தார். ஏ-2 என்ற வகை 5 சதவீதம் வந்தது. மூன்றரைக்கு மேல் போனாலே கேரியர் என்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டப்பாடியில் சாப்பாட்டுக் குறையால் வரும் ரத்தசோகை நிஜம். 2013இல் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து எங்கள் ஊர்ப்பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வறுமையும் மரபும் ஒரே உடம்பில் குடியிருக்கலாம். எது எவ்வளவு என்று பார்க்காமல், கீரை தின்னவில்லை என்று ஒரு பெண்ணைத் திட்டுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

எங்கள் மலையில் தலசீமியாவைவிட அதிகம் பேசப்படுவது அரிவாள் ரோகம். ‘சிக்கிள்’ என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். அதே பீட்டா சங்கிலியில் மொத்தம் 146 மணிகள். ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டியது, வேலினாக மாறியிருக்கிறது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. பிராணவாயு குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராக இறுகும், அணு அரிவாள் போல வளையும். சிறிய நாளங்களில் சிக்கிக்கொள்ளும். வலி வரும். எப்படிப்பட்ட வலி என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை; பெஞ்சில் சுருண்டு கிடந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதைக் கிளப்பிவிடும். அந்த அணுக்களுக்கு ஆயுள் 120 நாள் இல்லை, பத்து இருபது நாள்தான். மஜ்ஜை எவ்வளவு ஊறினாலும் ஈடுகட்ட முடியாது.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம், அதில் மெட்டாபைசல்பைட் கரைசல், மேலே மூடி வைத்து ஓரத்தை அடைத்துவிட்டால் உள்ளே பிராணவாயு தீரும். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருந்தவை ஒவ்வொன்றாக வளைவது தெரியும். முதல் தடவை பார்த்த அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

இந்த நோயை 1910இல் அமெரிக்காவில் ஹெரிக் என்ற டாக்டர் முதலில் எழுதினார். ரொம்ப காலம் ஆப்பிரிக்க வம்சத்துக்கே உரியது என்று நினைத்திருந்தார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எங்களுக்கு அடுத்த மலையான நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் இந்தப் பிழை இருப்பவரைக் கடுமையான மலேரியா எளிதில் சாய்க்காது. ஆப்பிரிக்காவில் ஆலிசன் என்பவர் 1954இல் இதைக் காட்டினார். கொசு நிறைந்த காட்டில் பல தலைமுறை வாழ்ந்தவர்களைக் காத்த எழுத்துப் பிழை அது. அதனால் ‘கெட்ட ரத்தம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அரிவாள் நோயுள்ள குழந்தைக்குப் பிறந்த சில மாதம் ஒன்றும் தெரியாது. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலிதான் ஓடும். அதில் பிழை கிடையாது. பிறந்த பிறகு காமா மெல்ல அணைந்து பீட்டா ஏறும்போதுதான் தொல்லை ஆரம்பம். காமாவை அணைக்கும் ஸ்விட்சுகளில் முக்கியமானது பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று 2008இல் தெரியவந்தது. மூல அணுக்களை வெளியே எடுத்து, அவற்றில் அந்த ஸ்விட்சை வெட்டிவிட்டுத் திரும்பச் செலுத்துகிற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனிலும் அடுத்த மாதமே அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அட்டப்பாடிக்கு அது எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போதைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. அதுவும் காமாவைக் கொஞ்சம் எழுப்பிவிடுகிற மருந்துதான். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விரல் நீட்டச் சொன்னால் நீட்டுங்கள்.

மரபு குறைக்க மட்டும்தான் செய்யும் என்றில்லை, கூட்டவும் செய்யும். பின்லாந்தில் ஏரோ மன்டிரன்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர். ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஊர்க்காரர், நம்மைப் போல. ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம், அதில் மூன்று தங்கம். ரத்தத்தில் சிவப்பணு ஏராளம் என்பதால் ஊக்கமருந்து என்று சந்தேகப்பட்டார்கள். சிவப்பணுவைப் பெருக்கச் சொல்லிச் சிறுநீரகம் ஒரு ஹார்மோனை அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கான மரபணுவில் அவர் குடும்பத்துக்கே ஒரு மாற்றம் இருந்தது 1993இல் தெரிந்தது. ‘போதும்’ என்ற சொல் அவர் மஜ்ஜைக்குக் கேட்காது. அவ்வளவுதான்.

இப்போது மறுபடி எங்கள் பெஞ்சுக்கு. மனைவி கேரியர் என்றால் கணவனுக்கும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடுமையான நோய் வர வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடுவார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் பூவா தலையா புதிதாகப் போடுவதுதான். சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பையனை வரவழைத்தோம். மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்கள். நல்லவேளை, அவனுக்கு இல்லை. பிள்ளை அம்மாவைப் போலக் கேரியராகலாம், பாதி வாய்ப்பு. நோய் வராது.

பெண்ணின் அப்பாவுக்கும் பார்த்தோம். அவரிடம் இருந்தது. அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. அவருடைய அக்காதானே இங்கே உட்கார்ந்திருக்கிறார்? “அத்தை, நீங்களும் ஒரு விரலை நீட்டுங்க” என்றேன். அவருக்கும் இருந்தது. ஹீமோகுளோபின் பத்து, மருமகளுக்கு இருந்த அதே எண். கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவர் விரலில் குத்தியதில்லை.

ரிசல்ட்டைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பஞ்சை விரலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டே மருமகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நாப்பது வருஷமா நான் தின்ன முருங்கைக்கீரை எல்லாம் எங்கீங்க போச்சு?”

“கண்ணுக்கு நல்லதுங்க அத்தை” என்றேன். அந்தப் பெண் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து சிரித்தது.

வணக்கம்.