சப்பீனாவை எதிர்த்து மனு போட்டால்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒருவர் சப்பீனாவோடு, அதாவது அழைப்பாணையோடு, வந்து நின்றால் வழக்கறிஞர் முதலில் கேட்பது, "யார் அனுப்பியது?" என்றுதான். அதை எதிர்க்கும் வழி அதைப் பொறுத்தே மாறும்.

ஃபெடரல், அதாவது மத்திய நீதிமன்றத்து, சிவில் வழக்கு என்றால் சிவில் நடைமுறை விதி 45. ஆவணங்களை மட்டும் கேட்டிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். ஆணை கிடைத்த 14 நாளுக்குள், அல்லது ஆணையில் போட்ட கெடுவுக்குள், எது முந்தியதோ அதற்குள். அனுப்பிவிட்டால், நீதிமன்றம் சொல்லும்வரை ஆட்சேபித்ததைக் கொடுக்க வேண்டாம். நேரில் வந்து சாட்சி சொல் என்றிருந்தால் கடிதம் எடுபடாது, ரத்து மனுதான் போட வேண்டும். அதுவும் வழக்கு நடக்கும் ஊரில் அல்ல. ஆணைக்கு இணங்க வேண்டிய இடத்து மாவட்ட நீதிமன்றத்தில். தப்பான ஊரில் மனு போட்டுவிட்டுக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கறிஞரோடு பேசிய ரகசியம் என்று காகிதங்களை நிறுத்தி வைக்கலாம். ஆனால் "எல்லாம் ரகசியம்" என்று ஒரே வரியில் எழுதினால் நீதிபதி ஏற்கமாட்டார். பட்டியல் வேண்டும்: எந்தத் தேதி, யார் யாருக்கு எழுதியது, எதைப் பற்றி. சலிப்பான வேலைதான், அதில் சோம்பினால் அந்தச் சலுகையையே இழக்க நேரலாம்.

வரித்துறை போன்ற அரசுத் துறை அனுப்பும் ஆணை தானாகச் செயல்படாது. கொடுக்க மறுத்தால் துறைதான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே 1964-ஆம் ஆண்டு பவல் தீர்ப்பின்படி நான்கு கேள்விகள்: நோக்கம் நியாயமானதா, கேட்பது அதற்குப் பொருந்துமா, துறையின் கையில் ஏற்கெனவே இருப்பதையே கேட்கிறார்களா, நடைமுறை சரியா. துறைக்கு இது பெரிய சுமை இல்லை. பெரும்பாலும் தாண்டிவிடும்.

கிராண்ட் ஜூரி, அதாவது ஒருவர்மீது குற்றம் சாட்டலாமா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு, அனுப்பும் ஆணைதான் கெட்டி. நியாயமற்றது, அடக்குமுறையானது என்றால் குற்றவியல் நடைமுறை விதி 17-இன் கீழ் ரத்தாகும். ஆனால் 1991-இல் ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுமையை எதிர்ப்பவர் தலையில் வைத்தது. பொருத்தமில்லை என்று வாதிட்டால், கேட்ட வகை ஆவணங்கள் விசாரணைக்கு உதவ நியாயமான வாய்ப்பே இல்லை என்று காட்டியாக வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையும் ஓரளவுதான். தாமாக எழுதிய காகிதத்தின் உள்ளடக்கத்துக்குப் பாதுகாப்பு இல்லை. எடுத்துக் கொடுக்கும் செயலே "இது என்னிடம் இருந்தது" என்று ஒப்புக்கொள்வதாகுமானால் அந்தச் செயலுக்கு உண்டு. கம்பெனிக்கு அதுவும் கிடையாது.

மனு தோற்றால்? பொதுவாக உடனே மேல்முறையீடு போக முடியாது. முதலில் ஆணையை மீறி, நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாக வேண்டும். பிறகுதான் கதவு திறக்கும். கிராண்ட் ஜூரி முன் முரண்டு பிடித்தால் அந்த ஜூரியின் காலம் முடியும்வரை, அதிகபட்சம் 18 மாதம், சிறையில் வைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு 1918-ஆம் ஆண்டு பெர்ல்மன் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் பொருள் வேறொருவர் கையில் இருந்து, ஆணை அவருக்கு வந்தால், உங்களுக்காக அவர் சிறை போவார் என்று எதிர்பார்க்க முடியாதே! அதனால் நீங்கள் நேரடியாக மேல்முறையீடு செய்யலாம். அவர் அந்தப் பொருளை ஒப்படைப்பதற்கு முன்பே குறுக்கிட்டு மனு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.