தீயணைப்பு வீரர் பென்ஷன்: அமெரிக்க நகரங்கள் முழுகினது ஏன், நம்ம கணக்கு என்ன?

கும்பகோணத்திலேருந்து ஒரு ஐயா கேட்டிருக்காங்க. கேள்வியை அப்படியே படிச்சுடறேன். "எம் மகன் 2011-ல தீயணைப்புத் துறையில சேர்ந்தான், சி.பி.எஸ்.ல (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துல) இருக்கான். அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்களுக்குத் தாராளமா பென்ஷன் குடுத்து நகராட்சியே திவாலாயிடுச்சுன்னு ஒரு காணொளி பார்த்தேன். இங்க எல்லாரும் பழைய பென்ஷன் கேக்கறாங்களே, அதுவும் அப்படித்தான் முடியுமா? உண்மையில ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவாகுது?"

முதல்ல பதிலைச் சொல்லிடறேன் ஐயா. பென்ஷன் தொகை பெருசா இருந்ததால மட்டும் எந்த ஊரும் முழுகல. ஒரு ஆள் வேலை பார்க்கற காலத்துலயே மாசாமாசம் எடுத்து வைக்க வேண்டிய பணத்தை வைக்காம, வாக்கை மட்டும் குடுத்த ஊருங்கதான் மாட்டிக்கிச்சு. அந்த மாசப் பணம் எவ்வளவுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். அதனால கணக்கைப் போட்டுடுவோம், ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கங்க.

22 வயசுல தீயணைப்போரா சேர்ந்து, 60-ல ஓய்வு பெறற ஒருத்தர். 38 வருஷ சர்வீஸ். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபான்னு வச்சுக்குவோம், கணக்குக்குச் சுலபமா இருக்கும். பழைய பென்ஷன்ல 30 வருஷம் முடிச்சிருந்தாலே முழுப் பென்ஷன், அதாவது பாதி: 30,000. அது மேல அகவிலைப்படி, அதாவது டி.ஏ. 2025 ஜூலையிலேருந்து கணக்கான 58 சதவீதத்தைப் போட்டா 17,400. ஆக மாசம் 47,400. வருஷத்துக்கு 5 லட்சத்து 68 ஆயிரத்து 800.

இதுல கம்யூட்டேஷன் ஒண்ணு இருக்கு. பென்ஷன்ல மூணுல ஒரு பங்கை, இங்க 10,000-ஐ, மொத்தமா முன்பணமா வாங்கிக்கலாம். 15 வருஷம் அந்த 10,000 பிடிச்சுக்குவாங்க, அப்புறம் திரும்ப வந்துடும். அகவிலைப்படி மட்டும் பிடித்தத்துக்கு முன்னாடி இருந்த முழு 30,000-க்கும் போடணும். அதனால கைக்கு வர்றது 37,400. சில பேர் 20,000-க்குத்தான் டி.ஏ.ன்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. உங்க வீட்டுல யாராவது ஓய்வு பெற்றவங்க இருந்தா அந்த ஒரு வரியை ஒரு தடவை சரிபாருங்க.

இப்போ, ஓய்வு பெறற அன்னைக்கு இந்த ஒரு ஆளுக்காக அரசாங்கம் கையில எவ்வளவு இருக்கணும்? 80 வயசு வரைக்கும் 20 வருஷம். பென்ஷன் டி.ஏ.வோட சேர்ந்து வருஷம் 4 சதவீதம் ஏறுது, போட்டு வச்ச பணம் 7 சதவீதம் வளருதுன்னா, சுமார் 85 லட்சம் வேணும். 8 சதவீதம் வளரும்னு நம்பினா 78 லட்சம் போதும்னு கணக்கு காட்டும். 6-தான் வரும்னா கிட்டத்தட்ட 94 லட்சம். பாருங்க, ஆளும் அதே, பென்ஷனும் அதே. காகிதத்துல வட்டியை ஒரு சதவீதம் மாத்தி எழுதினா ஒரு ஆளுக்கு ஏழெட்டு லட்சம் மறைஞ்சுடுது. அமெரிக்கக் கதை பூராவும் இந்த ஒரு சதவீதத்துக்குள்ளதான் இருக்கு.

அந்த 85 லட்சத்தை 38 வருஷத்துல சேர்க்கணும். சம்பளமும் இன்கிரிமென்ட், டி.ஏ. எல்லாம் சேர்த்து வருஷம் 7 சதவீதம் ஏறுதுன்னு வச்சா, ஒவ்வொரு மாசமும் சம்பளத்துல 20 சதவீதம் எடுத்து வைக்கணும். 30 வயசுல சேர்ந்தவர்னா 30 வருஷம்தான், 25 சதவீதம். குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, 80 வயசுக்கு மேல வர்ற 20 சதவீதக் கூடுதல், சம்பளக் கமிஷன் வர்றப்போ விழற பெரிய ஏத்தம், இதெல்லாம் நான் சேர்க்கல. சேர்த்தா இன்னும் ஏறும். மத்திய அரசு 2025 ஏப்ரல்ல கொண்டு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துல ஊழியர் 10, அரசு 18.5, மொத்தம் 28.5 சதவீதம்னு வச்சிருக்காங்களே, அது ஏன்னு இப்போ புரியும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்க தீயணைப்பு நிலையம் பெரும்பாலும் நகராட்சியோடது. சம்பளம், பென்ஷன் ரெண்டும் அந்த ஊர் வரியிலேருந்து போகணும். கலிஃபோர்னியாவுல 1999-ல ஒரு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் பல நகரங்கள் போலீசுக்கும் தீயணைப்புக்கும் "50 வயசுல 3 சதவீதம்"னு ஒரு கணக்கை ஏத்துக்கிட்டாங்க. சர்வீஸ் ஒரு வருஷத்துக்கு 3 சதவீதம், 50 வயசு ஆனா வெளிய போகலாம். 30 வருஷம்னா சம்பளத்துல 90 சதவீதம் பென்ஷன். பங்குச் சந்தை ஏறிக்கிட்டு இருந்த நேரம், இதுக்குத் தனியா பணம் போட வேண்டியிருக்காதுன்னு நம்பினாங்க.

இதை நம்ம ஆளுக்கே போட்டுப் பார்ப்போம். 22-ல சேர்ந்து 50-ல போறார், 28 வருஷம், 84 சதவீதம். கடைசிச் சம்பளம் டி.ஏ.வோட 94,800. பென்ஷன் மாசம் 79,600-க்கு மேல. 80 வயசு வரைக்கும் 30 வருஷம் குடுக்கணும். தேவையான தொகை 1 கோடியே 90 லட்சம். சேர்க்கறதுக்கு இருக்கறது 28 வருஷம்தான். மாசாமாசம் சம்பளத்துல ஏறக்குறைய 60 சதவீதம் எடுத்து வைக்கணும்! நம்ம 20 எங்க, இந்த 60 எங்க. வயசைக் குறைச்சா ரெண்டு பக்கமும் அடி விழும்: சேர்க்கற வருஷம் குறையும், குடுக்கற வருஷம் கூடும். யாரும் 60 எடுத்து வைக்கல.

நம்ம பக்கத்து விவசாயிக்கு இது சட்டுனு பிடிபடும். மேட்டூர்ல இருப்பு பாதி இருக்கறப்போ, மழை எப்படியும் வந்துடும்னு நம்பி ஜூன் 12-ல திறந்துவிட்டு, குறுவைக்கும் சம்பாவுக்கும் சேர்த்தே வாக்கு குடுத்தா எப்படி? தலைமடைக்குப் பாஞ்சிடும். வேதாரண்யம் பக்கம் கடைமடையில இருக்கறவங்க வயல்தான் காயும். பென்ஷன் நிதியிலயும் முன்னாடி ஓய்வு பெற்றவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க, சின்ன வயசு ஊழியர்தான் கடைமடை.

மழை வரல. 2000-க்கு அப்புறம் ஒரு தடவை சந்தை விழுந்துச்சு, 2008-ல இன்னொரு தடவை. கலிஃபோர்னியாவோட பெரிய ஓய்வூதிய நிதியம் 8 சதவீதத்துக்கு மேல எதிர்பார்த்த வருமானத்தைப் படிப்படியா இறக்கி இப்போ 6.8-ல வச்சிருக்கு. ஒவ்வொரு தடவை இறக்கறப்பவும் நகரங்கள் கட்ட வேண்டிய தொகை ஏறும். 2008 மே மாசம் வல்லேஹோங்கற நகரம் திவால் மனு போட்டுச்சு. போலீஸ், தீயணைப்புச் சம்பளமும் சலுகைகளும் மட்டும் அந்த ஊர் பொது நிதியில ஏறக்குறைய முக்கால் பங்கு. ரோட் ஐலண்டுல சென்ட்ரல் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊர், 2011-ல திவால். ஓய்வு பெற்ற தீயணைப்பு, போலீஸ்காரங்க பென்ஷனை அதிகபட்சமா 55 சதவீதம் வரைக்கும் வெட்டினாங்க. எழுபது வயசுல ஒரு மனுஷன் அந்தப் பணத்துக்கு எங்க போவார்? தாராளம்னு சொல்றவங்க அந்தப் பெரியவங்களையும் நினைச்சுப் பார்க்கணும். வாக்கு குடுத்தது அவங்க இல்ல, நம்பினதுதான் அவங்க.

டல்லஸ்ல நடந்தது வேற மாதிரி. பென்ஷனுக்குத் தகுதி வந்தும் வேலையில தொடர்றவங்களோட பென்ஷனை ஒரு தனிக் கணக்குல போட்டு, குறைஞ்சது 8 சதவீத வட்டி உறுதின்னாங்க. நிதியமோ நிலத்துலயும் ஆடம்பரக் கட்டடத்துலயும் பணத்தைப் போட்டு நஷ்டப்பட்டுச்சு. 2016-ல விஷயம் வெளிய தெரிஞ்சதும், பாங்க் வாசல்ல கூட்டம் கூடற மாதிரி எல்லாரும் பணத்தை எடுத்தாங்க. சில மாசத்துல 50 கோடி டாலர் போச்சு. டிசம்பர்ல எடுக்கறதையே நிறுத்தி வச்சாங்க, 2017-ல மாநிலச் சட்டம் போட்டுத்தான் சரி பண்ண வேண்டியதாச்சு.

இன்னொரு ஓட்டை, கடைசி வருஷச் சம்பளத்தைப் பெருக்கிக் காட்டறது. எடுக்காத லீவுக்கு வாங்கின பணம், ஓவர்டைம் எல்லாத்தையும் கடைசி வருஷத்துல குவிச்சு, அது மேல ஆயுசு முழுக்க பென்ஷன். நம்ம ஊர்ல அந்த வழி இல்ல. ஓய்வு பெறறப்போ 240 நாள் வரைக்கும் ஈட்டிய விடுப்புக்குப் பணம் வாங்கலாம், ஆனா அது பென்ஷன் கணக்குல சேராது.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்க கும்பகோணம் மாநகராட்சி தீயணைப்பு வீரருக்குப் பென்ஷன் குடுக்கல, மாநிலக் கருவூலம்தான் குடுக்குது. மாநிலம் திவால் மனு போட சட்டமே கிடையாது. ஆனா நெருக்கடி வேற உருவத்துல வரும். காலிப் பணியிடத்தை நிரப்ப மாட்டாங்க, வண்டி பழசாவே ஓடும், வாய்க்கால் தூர்வார ஒதுக்கறது குறையும்.

தாராளம்கற வார்த்தையும் நம்ம வீரர்களுக்குப் பொருந்தாதுன்னு நான் உறுதியா சொல்றேன். ஆபீஸ்ல கோப்பு பார்க்கறவருக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் இவங்களுக்கும். ஓய்வு வயசும் அதேதான்: 2020-ல 58-லேருந்து 59, 2021-ல 60. ஒரு 63 மில்லிமீட்டர் ஹோஸ், 15 மீட்டர் நீளம், தண்ணி நிரம்பினா தண்ணி எடை மட்டும் 46, 47 கிலோ. அதை இழுத்துக்கிட்டு, முதுகுல மூச்சுக் கருவி சிலிண்டரோட, கூரை வீடு எரியற சந்துல ஓடணும். 59 வயசுல முழங்கால் என்ன ஆகும்? தீயணைப்பு வேலையில படற புகையும் ரசாயனமும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ல முதல் வகையிலயே சேர்த்துடுச்சு. அதனால இவங்களுக்கு 55-ல வெளிய போக ஒரு வழி இருக்கறது நியாயம்னே நினைக்கிறேன். ஆனா அதுக்கு ஆகற கூடுதல் சதவீதத்தையும் அன்னைக்கே ஒதுக்கணும்.

பழைய பென்ஷன்ல எந்த நிதியும் கிடையாது, அது முக்கியம். அந்தந்த வருஷ வரிப்பணத்துலேருந்து குடுக்கறாங்க. 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு சி.பி.எஸ்.: ஊழியர் 10, அரசு 10. ஆனா 2003-க்கு முன்னாடி இருபது, இருபத்திரண்டு வயசுல சேர்ந்தவங்க 2040 வாக்குலதான் ஓய்வு பெறுவாங்க. அதனால பழைய பென்ஷன் செலவு இன்னும் ஏறிக்கிட்டேதான் போகும், அவங்க மனைவிமாரோட குடும்ப ஓய்வூதியம்னு அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடும். இந்த ரெண்டு சுமையும் ஒரே நேரத்துல விழற காலம் இது: ஓய்வு பெற்றவங்களுக்கு இன்னைக்குக் குடுக்கணும், வேலையில இருக்கறவங்களுக்கு இன்னைக்கே சேர்க்கணும்.

2026 ஜனவரி 3-ல தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிச்சாங்க. கடைசிச் சம்பளத்துல 50 சதவீதம், ஊழியர் 10 சதவீதம் கட்டணும், குடும்பத்துக்கு அந்தப் பென்ஷன்ல 60 சதவீதம், பணிக்கொடை 25 லட்சம் வரைக்கும். அரசு ஒரு தடவை 13,000 கோடி நிதியில போடணும், அப்புறம் வருஷா வருஷம் சுமார் 11,000 கோடின்னு சொன்னாங்க. இதுல நான் பார்க்கறது 50 சதவீதத்தை இல்ல, அந்த 11,000 கோடியை. ஒவ்வொரு பட்ஜெட்டுலயும் அது உண்மையா நிதிக்குப் போச்சாங்கறதுதான் கேள்வி. ஒரு வருஷம் வறட்சி, ஒரு வருஷம் புயல்னு தள்ளிப் போட்டா, மேல சொன்ன அதே பாதைதான்.

உங்க மகன் செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன் ஐயா. வருஷா வருஷம் சி.பி.எஸ். கணக்குத் தாளை இறக்கி, 12 மாசப் பிடித்தமும் வந்திருக்கான்னு சம்பளச் சீட்டோட ஒண்ணொண்ணா ஒத்துப் பார்க்கச் சொல்லுங்க. நிலையம் விட்டு நிலையம் மாறுதலான மாசம், டி.ஏ. நிலுவை வாங்கின மாசம், இந்த ரெண்டுலதான் பெரும்பாலும் விடுபடும். விடுபட்டிருந்தா கருவூல வவுச்சர் எண், தேதியோட சம்பளம் போடற அலுவலர் மூலமா எழுதிக் குடுக்கணும். 20 வருஷம் கழிச்சு அந்த வவுச்சரைத் தேடி எடுக்கறது ரொம்பக் கஷ்டம். பணிப்பதிவேட்டுல பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பயிற்சிக் காலம் சரியா ஏறியிருக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் நியமனதாரர் பேரை மாத்தியிருக்கானா, அதையும் பார்க்கச் சொல்லுங்க. நிறைய பேருக்கு இன்னும் அம்மா பேர்தான் இருக்கு.