படப்பைப் பார்த்துவிட்டுக் காளையைத் தேடுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மாடு வாங்கப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும், சித்திரை மாதம் உங்கள் வைக்கோல் படப்பு எவ்வளவு மிஞ்சும் என்றுதான் முதலில் கேட்பேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

கணக்கைக் கேளுங்கள். மாடு ஒரு நாளைக்கு ஏறக்குறையத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காய்ந்த தீவனம் தின்னும். 250 கிலோ நாட்டுப் பசுவுக்கு 6 கிலோ சொச்சம். 450 கிலோ பசுவுக்கு 11 கிலோவுக்கு மேல். 5 கிலோதானே வித்தியாசம் என்பீர்கள். 100 நாள் கோடைக்கு அது அரை டன்! உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக்காரர் அதற்கு எங்கே போவார்? தீனி குறைந்தால் பெரிய பசு உடனே செத்துவிடாது. பருவத்துக்கு வராமல் நின்றுவிடும். அந்த வருடம் கன்று ஈனாது, ஒரு ஈத்து போய்விடும். தின்பது மட்டும் நிற்காது.

மானாமதுரைப் பக்கம் கிடைமாடு வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நான் நிறையக் கற்றேன். எல்லாம் புளிக்குளம் என்ற நாட்டு இன மாடுகள். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டு, சாணத்துக்குக் கூலி வாங்குவார். பாலெல்லாம் கன்றுக்கு. புளிக்குளம் என்றதும் வாடிவாசலை நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சரி, அந்தப் பேச்சு தை மாதத்துக்கு இருக்கட்டும். சாயங்காலம் மந்தை திரும்பும்போது இவர் கண்மாய்க் கரையில் நிற்பார். முன்னால் வரும் மாட்டைப் பார்க்கவே மாட்டார். கடைசியில் தள்ளாடி வருவது எது, அது யாருடைய கன்று, எத்தனை ஈத்து போட்டது, இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் திமில் புடைத்த இளங்காளை ஒன்றைக் காட்டி, "அய்யா, இதைப் பொலிக்கு விடலாமே" என்றேன். சிரித்தார். "காளையப் பாக்காத தம்பி, அதோட ஆத்தாளப் பாரு. ரெண்டு வருசமாச் சினைபிடிக்காமச் சும்மா திரியுறா" என்றார். அந்த வாரமே காளைக்குக் காயடித்துவிட்டார்.

நடக்க வேண்டும், காய்ந்த புல்லில் தாங்க வேண்டும், வருடாவருடம் ஈன வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். உயரத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் அமெரிக்காவில் இடுப்பு உயரத்தையும் வயதையும் வைத்து மாட்டின் உடற்கட்டு அளவுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அவர்களும் தடுமாறியவர்கள்தான். 1940களிலும் 50களிலும் கண்காட்சிப் பரிசுக்காகக் குட்டையான, உருண்ட மாடுகளையே தேர்ந்தெடுத்தார்கள். குள்ளக் கன்றுகள் பிறந்து மந்தைகள் கெட்டன. பயந்துபோய் எதிர்ப்பக்கம் ஓடி, 80களில் ஒட்டகம் மாதிரி வளர்த்தார்கள். அவை கொழுப்பேறவே நாளானது, தீனிச் செலவு ஏறியது. அப்புறம் நடுத்தரத்துக்கு இறங்கினார்கள். இரண்டு தடவையும் மாட்டைத் தேர்ந்தெடுத்தது கண்காட்சித் திடலில் நின்ற கண். மேய்ச்சல் காட்டை யாரும் கேட்கவில்லை. நம் சந்தையிலும் அதே கண்தானே! உயரமாக ஒன்று வந்து நின்றால் துண்டுக்கடியில் விரல்பேரம் சூடாகிவிடும். எத்தனை ஈத்து என்று கேட்பவர் குறைவு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடந்தானாம். எந்தக் குணம் கன்றுக்கு எவ்வளவு இறங்கும் என்று விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன். சுருக்கிவிடுகிறேன். உடல் வளர்ச்சி நன்றாக இறங்கும், தவறாமல் சினைபிடிக்கும் குணம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் ஈத்துக் கணக்கை நோட்டில் எழுதுங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, அவசரமாக. தலைச்சினைக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் சினை ஊசி வேண்டாம். கன்று பெருத்துப்போய் ஈன முடியாமல் தாயும் கன்றும் சேர்ந்து போனதை என் தொழுவத்திலேயே பார்த்திருக்கிறேன். ஊசி போடுமுன் எந்தக் காளையுடையது என்று கேட்டு, அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டது, வணக்கம்.