ரத்த ரிப்போர்ட்டைப் பல் டாக்டரிடமும் காட்டுங்கள்

மும்பை வாழ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். சி.எம்.எல்., சி.எல்.எல். என்று டாக்டர்கள் சொல்கிற நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்கும் போய்வருகிறவர்கள் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களின் வாயை, பல்லை, ஈறைப் பற்றி மட்டும் இன்று பேசலாம்.

பல் துலக்கும்போது ரத்தம் தெரிந்ததும் பலர் அந்தப் பக்கம் பிரஷ் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பம். ஈறில் வரும் ரத்தம் பெரும்பாலும் பல்லோரம் படிந்த அழுக்காலும் காரையாலும் வருவது. துலக்காமல் விட்டால் ஈறு இன்னும் வீங்கும், ரத்தம் இன்னும் கூடும். மிக மென்மையான பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக்கொண்டு, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். காலை, இரவு, இரண்டிரண்டு நிமிடம். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு. கரியும் உப்பும் வேண்டாம். இந்த ஊரில் பலருக்குப் பழக்கமான மிஷ்ரி அறவே வேண்டாம். பல்பொடி என்று சொல்லிக்கொண்டாலும் அது கருக்கிய புகையிலைதான்.

தொடாமலே ஈறு கசிந்தால், தலையணையில் ரத்தக்கறை இருந்தால், காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு கதை. அன்றே ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சிபிசி பரிசோதனை எடுங்கள். ஈறு திடீரென்று தடித்துப் பல்லின் மேல் ஏறுவது நாட்பட்ட வகையில் அரிது. அப்படி வந்தால் பல் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குக்கு ஓடாதீர்கள். நோய் வேகமெடுத்திருக்கிறதா என்று முதலில் ரத்தநோய் மருத்துவர் பார்க்கட்டும்.

பரேலில் ரத்தத்துக்கு, மும்பை சென்ட்ரல் நாயர் பல் மருத்துவமனையில் பல்லுக்கு என்று இரண்டு இடத்தில் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு நடுவே போய்வருவது உங்கள் கையில் இருக்கும் சிபிசி காகிதம் ஒன்றுதான். ஸ்கேலிங், ரூட் கெனால், பல் பிடுங்குதல் எதுவானாலும் அந்த வாரத்து ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

அதில் பிளேட்லெட்டை, அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு லேப் 0.5 லட்சம் என்று போடும், இன்னொன்று 50 என்று போட்டுப் பக்கத்தில் ஆயிரம் என்று குறிக்கும், இரண்டும் ஐம்பதாயிரம்தான். பல் பிடுங்கப் பொதுவாகக் கேட்கும் குறைந்த அளவு இது. இதற்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுவதா, பிளேட்லெட் ஏற்றிக்கொண்டு செய்வதா என்று ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்வார்.

அடுத்தது நியூட்ரோஃபில், கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளணு. மொத்த வெள்ளணுக்களை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். விடை ஆயிரத்துக்குக் கீழே போனால் அவசரமில்லாத வேலைகளை ஒத்திப்போடுவதே வழக்கம். சி.எல்.எல். உள்ளவர்கள் இங்கே ஏமாந்துவிடக்கூடும். வெள்ளணு 40,000, அதில் நியூட்ரோஃபில் 2 சதவீதம் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் வருவது 800. வெள்ளணு இவ்வளவு இருக்கிறதே, எதிர்ப்புச் சக்திக்கு என்ன குறை என்று இருந்துவிடக் கூடாது.

நியூட்ரோஃபில் குறைந்தவருக்குப் பல்லில் கிருமி தொற்றினாலும் கன்னம் வீங்காமல், சீழ் கட்டாமல் இருக்கலாம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தானே! வீக்கம் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். பல்வலியோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் இரவானாலும் கேஷுவால்டிக்குப் போங்கள். போவதற்கு முன் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிடாதீர்கள்.

காய்ச்சல் இல்லாத வெறும் வலிக்குப் பாராசிட்டமால் போதும். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் இரண்டும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் கலந்த காம்பிஃப்ளாமும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கை கெமிஸ்ட் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்றவை ரத்தப் புற்றுநோய் மாத்திரைகளான இமாட்டினிப், நிலோட்டினிப், இப்ரூட்டினிப், வெனிடோகிளாக்ஸ் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வாய்ப்பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோலும் இந்த வேலையைச் செய்யும். மாத்திரைப் பட்டையைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டால் போதும், வேறு மருந்து எழுதித் தருவார்.

மாத்திரையே வாயில் சில அடையாளங்களை விடுவதுண்டு. இமாட்டினிப் நெடுநாள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மேலண்ணத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படியும். அதனால் கெடுதல் இல்லை. உள்கன்னத்தில் வலைபோல் வெள்ளைக் கோடுகள் ஓடி, ரசம் பட்டாலே எரிந்தால் மட்டும் காட்டுங்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளித்து, பிறகு வெறும் நீரில் அலசலாம். மாத்திரையால் வாந்தி வந்தாலும் இதே கரைசல்தான். அமிலம் பட்ட பல்லை உடனே துலக்கினால் தேயும், அரை மணி பொறுங்கள். வலிக்கிற இடத்தில் கிராம்புத் தைலமோ, பொடித்த மாத்திரையோ வைத்தால் ஈறு வெந்துபோகும்.

பல் பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் நேரம் வாங்குங்கள். ரத்தம் நிற்காவிட்டால் திரும்பிப்போக அன்று மாலையும் மறுநாளும் கிளினிக் திறந்திருக்க வேண்டுமே. டாசாட்டினிப், இப்ரூட்டினிப் எடுப்பவர்களுக்கு பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். இப்ரூட்டினிப்பை அறுவை வேலைக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. அதை ரத்தநோய் மருத்துவர் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குழியில் கரையும் பஞ்சு வைத்துத் தையல் போடுவீர்களா, ரத்தக் கசிவை அடக்கும் டிரானெக்ஸாமிக் அமிலக் கரைசல் தருவீர்களா என்று பல் டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

பல்லைப் பிடுங்கிய பிறகு, குழியின் மேல் வைத்த துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் துணியோடு பெயர்ந்துவிடும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, ஸ்ட்ராவும் கூடாது. ஆறிய தயிர்சாதம் சாப்பிடலாம், டீயை ஆறவைத்துக் குடிக்கலாம். மறுபடி ரத்தம் வந்தால் சுத்தமான ஈரத்துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து இன்னொரு அரை மணி கடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் துணியைக் கடித்தபடியே கிளம்புங்கள். ரிப்போர்ட்டையும் மாத்திரைப் பட்டையையும் கூட வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.