கிளைமாக்ஸை அட்டையிலேயே வரைந்து வைத்த கேம்: ஃபைனல் ஃபேண்டஸி லோகோக்களின் கதை

[திரை: வெள்ளைப் பின்னணி. ஃபைனல் ஃபேண்டஸி 13இன் லோகோ மெதுவாகத் தெளிவாகிறது.]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். மேலே ஓர் உருண்டை. கீழிருந்து அதைத் தாங்கும் தூண் போன்ற ஒன்று. அதற்குள் பின்னிக் கிடக்கும் உடல்கள். 2009 டிசம்பரில் ஜப்பானில், ஃபைனல் ஃபேண்டஸி என்ற வீடியோ கேம் வரிசையின் 13ஆம் பாகமான இந்த கேமை வாங்கிய ஒவ்வொருவரும் டிஸ்க்கை வெளியே எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டார்கள். 'ஏதோ அழகான ஓவியம்' என்று நினைத்து விளையாட உட்கார்ந்தார்கள். பல பத்து மணி நேரம் விளையாடி முடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கையில் வைத்திருந்த அட்டையில் இருந்தது கதையின் முடிவு!

யாரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? லோகோவை யார் சார் உற்றுப் பார்க்கிறார்கள்? இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போகிறோம்.

ஓர் எச்சரிக்கை. 4, 7, 8, 12, 13, 15, 16 ஆகிய ஏழு பாகங்களின் முக்கியமான திருப்பங்கள் இதில் வரும். முடிக்காமல் பாதியில் விட்ட பாகம் ஏதாவது இருந்தால் வீடியோவைச் சேமித்து வைத்துவிட்டு முதலில் அதை முடியுங்கள். லைக் மட்டும் இப்போதே போட்டுவிடலாம், அதில் ஸ்பாய்லர் எதுவும் இல்லை.

[திரை: ஃபேமிகாம் அட்டை, 1987.]

வரலாறு வேகமாக. 1987 டிசம்பர் 18, ஜப்பானில் முதல் பாகம் வெளியானது. ஸ்கொயர் நிறுவனம், இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி, ஓவியர் யோஷிடாகா அமானோ. முதல் மூன்று பாகங்களின் அட்டையிலும் அமானோவின் ஓவியம் உண்டு. ஆனால் அது தனி, தலைப்பு எழுத்து தனி. இன்று முதல் பாகத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு போர்வீரனும், இரண்டாம் பாகத்துக்குப் பின்னால் ஒரு பேரரசனும் நிற்கிறார்களே, அதெல்லாம் பிற்காலத்து மறுவெளியீடுகளுக்காகச் செய்தது. பழைய பாகங்களுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் முன்கதை.

[திரை: ஃபைனல் ஃபேண்டஸி 4, சூப்பர் ஃபேமிகாம்.]

நிஜமான தொடக்கம் 1991இல் வந்த நான்காம் பாகம். வெள்ளைப் பின்னணி, ஒல்லியான உயரமான கறுப்பு எழுத்துகள், அவற்றுக்குப் பின்னால் அமானோ தூரிகையால் இழுத்த ஒரே ஓர் உருவம். அந்த எழுத்துரு 'ரூனிக் எம்டி கண்டென்ஸ்ட்' என்ற, மோனோடைப் நிறுவனத்தின் பழைய எழுத்துரு. இவர்களுக்காக யாரும் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தது இல்லை. இந்தச் சூத்திரம் முப்பது வருடங்களைத் தாண்டியும் மாறவில்லை. எழுத்து அப்படியே நிற்கும், பின்னால் இருக்கும் படம் மட்டும் மாறும்.

ஏன் இப்படி? மரியோவுக்குத் தொப்பி இருக்கிறது. சோனிக்குக்கு முள் தலை இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸிக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு எண்ணுள்ள பாகத்திலும் புது உலகம், புது ஆட்கள், புது சண்டை முறை. ஒன்றில் கோட்டையும் வாளும், இன்னொன்றில் மோட்டார் சைக்கிளும் துப்பாக்கியும். கடையில் அடுக்கி வைத்தால் ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவர்களுக்கென்று இருக்கும் ஒரே முகம் இந்த லோகோதான். அதனால்தான் எழுத்தில் யாரும் கை வைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. அமானோவின் கோடுகள் நீரில் கரைந்த மை மாதிரி. முடி எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்போதைய கேமுக்குள் ஒரு கதாபாத்திரத்தின் அகலமோ 16 பிக்சல்! அந்த மெல்லிய உருவங்களைக் கட்டம் கட்டமான குட்டி பொம்மைகளாக மாற்றியவர் கஸுகோ ஷிபுயா. அதற்குத் தனித் திறமை வேண்டும், அவருக்கே தனி வீடியோ போடலாம். 7ஆம் பாகத்தில் கதாபாத்திர வடிவமைப்பு டெட்சுயா நொமுராவின் கைக்குப் போனது, பிறகு வேறு சிலரும் செய்தார்கள். ஆனால் லோகோ இன்றுவரை அமானோவிடம்தான்.

அமெரிக்காவில் நடந்த குழப்பத்தை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். நான்காம் பாகத்தை அங்கே '2' என்றும் ஆறாம் பாகத்தை '3' என்றும் பெயர் மாற்றி விற்றார்கள், அந்த '3'இன் அட்டையில் கறுப்புப் பின்னணியில் மூகிள் என்ற, இந்த வரிசையின் குட்டிப் பிராணி ஒன்று நின்றது. அடுத்து நேராக '7' வந்து இறங்கியதும், நடுவில் மூன்று பாகங்களைத் தொலைத்துவிட்டோமோ என்று அமெரிக்க ரசிகர்கள் திகைத்ததில் நியாயம் இருக்கிறது.

[திரை: 6, 7 லோகோக்கள் அருகருகே.]

சரி, இப்போது படங்களுக்கு வருவோம். ஆறாம் பாகத்தில், 1994இல், டெர்ரா என்ற பெண் மாஜிடெக் என்ற இயந்திரக் கவசத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அது கேமின் முதல் காட்சி. பனியில் அந்த இயந்திரங்கள் நடந்துவருமே, அதுதான். ஆக, அதுவரை லோகோ நல்ல பிள்ளையாக இருந்தது.

1997இல் வந்த ஏழாம் பாகத்தில் விஷமம் ஆரம்பமாகிறது. பச்சையும் நீலமுமாக எரிந்துகொண்டு விழும் ஒரு விண்கல். கேமை ஆரம்பித்தால் விண்கல்லும் கிடையாது, வானமும் சரியாகத் தெரியாது. மிட்கார் என்ற இரும்பு நகரத்தின் அடியில் மின் உலைக்குக் குண்டு வைக்கிறீர்கள். வில்லன் செபிரோத் அந்த விண்கல்லை வரவழைப்பதற்குள் கதை எவ்வளவோ தூரம் போய்விடும். அதுவரை அந்த லோகோ வெறும் பச்சை வால் முளைத்த உருண்டை.

இன்னும் வேடிக்கை 2020இல். ஏழாம் பாகத்தை ரீமேக் செய்கிறோம் என்று அதை மூன்று கேம்களாக உடைத்தார்கள். முதல் கேம் மிட்கார் நகரத்தோடு முடிந்துவிடும். விண்கல்லை வரவழைக்கும் கட்டத்துக்குக் கதை போகவே போகாது. ஆனாலும் லோகோவில் அதே விண்கல்! முழு விலை கொடுத்து வாங்கிய கேமின் அட்டையில் இருக்கும் பொருள் அடுத்தடுத்த கேம்களில்தான் வரும். இதைத் தைரியம் என்பதா, வியாபாரம் என்பதா? கமெண்டில் சண்டை போடுங்கள்.

எட்டில், 1999இல், ஓர் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். நாயகன் ஸ்க்வால் யார் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள். ரினோவாவை அவன் நிமிர்ந்து பார்ப்பானா என்று நாம் கவலைப்படும்போதெல்லாம் அட்டை சிரித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்பது ஒரு படிகம், அமானோ அன்றைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பார். பத்தில் இறந்தவர்களின் ஆன்மாக்களை அனுப்பிவைக்கும் நடனத்தில் நாயகி யூனா. பதினொன்று ஆன்லைன் கேம், தனி நாயகன் கிடையாது, அதனால் ஒரு கூட்டத்தையே வரைந்துவிட்டார்.

[திரை: மறுபடியும் 13. பெரிதாகக் காட்டவும்.]

இனி மெதுவாகப் போவோம். பதின்மூன்றில் அந்த உருண்டையின் பெயர் கோகூன். வானத்தில் மிதக்கும் ஓர் உலகம், கீழே பல்ஸ் என்ற காட்டுத்தனமான பூமி. நாயகர்களுக்கு ஒரு கொடுமையான விதி சொல்லப்படுகிறது: ரக்னராக் என்ற அரக்க உருவமாக மாறி கோகூனை அழிக்க வேண்டும். இது தெரிந்தபிறகு நடுவில் ஒரு தடவை லோகோவைப் பாருங்கள். அந்த உருவம் கோகூனைப் பிடித்து நசுக்குவதுபோலவே தெரியும்.

கடைசியில் என்ன நடக்கிறது? கோகூன் விழுகிறது. ஃபேங், வனில் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து ரக்னராக்காக மாறி, விழும் உலகத்தை ஏந்திப் பிடித்து, அப்படியே படிகத் தூணாக உறைந்துவிடுகிறார்கள். அதே உருவம், அதே உருண்டை. நசுக்கும் கை என்று நாம் நினைத்தது தாங்கும் கை! ஒரு கோடுகூட மாறவில்லை, அர்த்தம் தலைகீழாகிவிட்டது. சொல்லப்போனால் முடிவைக் காட்டிக்கொண்டே மறைத்துவிட்டார்கள். நாயகி லைட்னிங் இந்த லோகோவில் இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்து 2011இல் வந்த 13-2இல் அதே தூண் நொறுங்கப்போகிறது என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

கேமாக 13 எனக்கு அவ்வளவு பிடிக்காது. முதல் பாதி முழுக்க நீளமான நடைபாதை. ஆனால் இந்த லோகோவுக்காக அதை மன்னித்துவிடுவேன்.

[திரை: 15இன் லோகோ.]

பதினைந்தில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள். 2006இல் 'வெர்ஸஸ் 13' என்ற பெயரில் அறிவித்த கேம் இது. 2013இல் பெயரை மாற்றி, 2016 நவம்பர் 29இல்தான் வெளியிட்டார்கள். பத்து வருடம்! அந்தப் பெண் தூங்கிவிட்டதில் ஆச்சரியமே இல்லை.

கதை சுருக்கமாக: இளவரசன் நாக்டிஸ், லூனாஃப்ரேயாவை மணக்கக் கிளம்புகிறான். வழிநெடுக மூன்று நண்பர்கள், ஒரு கார், நிறைய சமையல். கல்யாணம் நடக்காது. லூனா நடுவிலேயே இறந்துவிடுகிறாள், கடைசியில் நாக்டிஸும் உயிரைக் கொடுக்கிறான். எல்லாம் முடிந்தபிறகு ஒரு காட்சி வரும். கல்யாண உடையில் இருவரும் அரியணையில் இருக்கிறார்கள். நாக்டிஸ் அவளிடம் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறான். கடைசிச் சண்டைக்கு முன்னால், பயணத்தில் எடுத்த படங்களில் எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேம் உங்களிடம் கேட்டிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே படம்தான் அது. விளையாட்டாகக் கேலிப் படம் எதையாவது எடுத்தவர்கள், அந்தச் சோகக் காட்சியில் அதைத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

பிறகு இருவரும் சாய்ந்து கண்ணை மூடுகிறார்கள். திரையில் லோகோ எழுகிறது. இப்போது அந்தப் பெண் தனியாக இல்லை, பக்கத்தில் ஓர் ஆண். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது பாதி ஓவியம்! மீதிப் பாதியைக் கேமை முடித்தவர்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். 13 முடிவை முன்கூட்டியே காட்டிவிட்டது, 15 காட்டாமல் கடைசிவரை பிடித்து வைத்தது. எனக்கு இரண்டாவதுதான் உசத்தி.

[திரை: 4, 12, 16 மூன்றும் சேர்ந்து.]

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். மூன்றுக்குள்ளும் ஒரு சகோதரச் சண்டை ஒளிந்திருக்கிறது.

16இலிருந்து ஆரம்பிப்போம், 2023 ஜூன் 22இல் வந்தது. லோகோவில் நெருப்புப் பறவை ஃபீனிக்ஸும் நெருப்பு அரக்கன் இஃப்ரிட்டும் எதிரெதிரே. தம்பி ஜோஷுவாவிடம் ஃபீனிக்ஸின் சக்தி இருக்கிறது. ஓர் இரவு இன்னொரு நெருப்பு அரக்கன் வந்து ஃபீனிக்ஸைக் கிழித்துப் போடுகிறது. அண்ணன் கிளைவ் அந்த அரக்கனைத் தேடிப்பிடித்துக் கொல்லச் சபதம் எடுக்கிறான். தேடிப் பார்த்தால் அது அவனேதான். அட்டையில் இருக்கும் இரண்டு அரக்கர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

12இல், 2006இல், கொம்பு வைத்த முழுக் கவசத்தோடு நீதிபதி கப்ராந்த். முகமே தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் வேலையே இருக்கிறது. கேமின் ஆரம்பத்தில் அவன் தன் இரட்டைச் சகோதரன் பாஷைப்போல வேஷம் போட்டு ஓர் அரசனைக் கொல்கிறான், பழி பாஷ் மேல் விழுகிறது. கடைசியில் கப்ராந்த் இறக்கும்போது அதே கவசத்தை மாட்டிக்கொண்டு, அதே பெயரில், பாஷ் அவன் இடத்தில் நிற்கிறான். இப்போது லோகோவைப் பாருங்கள். அந்தத் தலைக்கவசத்துக்குள் இருப்பது யார்? கேமை ஆரம்பித்தபோது ஒருவன், முடித்தபோது இன்னொருவன். என்னைக் கேட்டால் மொத்த வரிசையிலும் இதுதான் புத்திசாலித்தனமான லோகோ.

4க்குத் திரும்புவோம். 1991இல் அந்த எழுத்துக்குப் பின்னால் நின்றவன் நாயகன் செசில் இல்லை, அவனுடைய நண்பன் கைன். கோல்பெஸ் என்ற வில்லன் அவன் மனத்தைக் கட்டுப்படுத்தி நண்பனுக்கே துரோகம் செய்யவைக்கிறான். 2007இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக இந்த கேமை மறுபடி செய்தபோது லோகோவையும் மாற்றினார்கள். கைன் போய்விட்டான், கோல்பெஸ் வந்து நின்றான். பொம்மையை எடுத்துவிட்டு, ஆட்டுவித்தவனை வைத்துவிட்டார்கள்! அந்த கோல்பெஸ் வேறு யாருமில்லை, செசிலின் அண்ணன்.

ஆனால் கோல்பெஸும் ஒரு பொம்மைதான். நிலவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஸீமஸ் என்பவன் அவனை ஆட்டுவிக்கிறான். கணக்குப்படி அடுத்த ரீமேக்கின் லோகோவில் ஸீமஸ்தான் நிற்க வேண்டும். ஸ்கொயர் எனிக்ஸ்காரர்கள் (ஸ்கொயரின் இன்றைய பெயர் அது) யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யோசனைக்குக் காசு வேண்டாம். மற்றவர்கள், உங்களுக்குப் பிடித்த லோகோவின் எண்ணைக் கமெண்டில் போடுங்கள். ஒன்பது என்று போடுபவர்கள் காரணத்தையும் சேர்த்துப் போட வேண்டும்.