சேவல் விற்றுக் கட்டிய தண்டம்

(இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் மாதர் சங்கக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் சங்கத் தலைவி அக்கா அவர்களே, இவ்வளவு வேலைக்குள்ளும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா, கிராம அலுவலர் ஐயா, பங்குத்தந்தை, முன்வரிசையில் வேர்க்க வேர்க்க இருக்கும் அதிபர் சேர், எல்லோருக்கும் வணக்கம். சுற்றுகிற ஒரேயொரு மின்விசிறியைத் தந்த கடைக்கார அண்ணைக்கும் நன்றி. யாரையும் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருசம் ஒருவரின் பெயரை விட்டுவிட்டு ஆறு மாதம் அவர் முகத்தில் முழிக்க முடியாமல் திரிந்தவள் நான்.

பெண்கள் சிறைச்சாலைகளைப் பற்றி மூன்று விஷயம் கதைக்கப் போகிறேன். இடநெருக்கடி ஒன்று, தாயோடு உள்ளே இருக்கும் பிள்ளைகள் இரண்டு, தண்டம் கட்டக் காசில்லாமல் உள்ளே போகிறவளுக்கு ஊர் என்ன செய்யலாம் என்பது மூன்று.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று என் அம்மம்மா சொல்லுவா. கொழும்பில் இருக்கும் வெலிக்கடை, 1841இல் வெள்ளைக்காரன் கட்டிய சிறை. இன்று நாடு முழுக்கச் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்களே இல்லை, வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருப்பவர்கள். பெண்கள் அதில் சிறு தொகைதான். அதனாலேயே அவர்களுக்கென்று தனியாகக் கட்டியது குறைவு, ஆண்களின் சிறையில் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்ததே அதிகம். காவலுக்கு நிற்கும் உத்தியோகத்தர் தங்கமானவராகவே இருக்கட்டும், இல்லாத பாயை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

ஒரு கதை சொல்கிறேன். விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள், நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலைக்கு வருவார்கள். கசிப்பு என்கிற கள்ளச் சாராயப் போத்தலோடு பிடிபட்டாள். செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. தண்டம் 15,000 ரூபாய். கையில் இல்லை, சிறைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் விடிய அவளின் தாய் என் வீட்டு வாசலில். கையில் உரப்பை, பைக்குள் சேவல். "இதை வித்துத் தா பிள்ளை" என்றா. சரியென்று சந்தைக்கு வெளிக்கிட்டோம். வாங்க வந்தவன் சேவலைத் தூக்கிப் பார்த்தான், நெஞ்சைத் தடவினான், "கிழடு" என்றான். கிழவிக்கு வந்ததே கோபம்! "நீ கிழடு, உன்ர கொப்பன் கிழடு, என்ர சேவல் இப்பதான் கூவப் பழகினது" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினா. அந்த நேரம் பார்த்துச் சேவலும் கூவியது. கடைசியில் 3,500க்குப் போனது. மீதிக்குத் தோட்டை அடைவு வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினால், காசு வாங்கும் ஜன்னல் சாத்தியாகிவிட்டது. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்கடுத்தது சனி, ஞாயிறு. இப்படியே ஐந்து இரவு உள்ளே கிடந்தாள். கழிவறை வாசலில் ஒருத்தி படுக்க மற்றவள் குந்தியிருந்து, முறை வைத்து நித்திரை. மாத விலக்குக்குத் துணிக்கு, பக்கத்தில் இருந்தவளின் பழைய சாரத்தைக் கிழித்தார்களாம். வெளியே வந்ததும் பிள்ளைகளைக் கேட்டாள், பிறகு கேட்டாள், "சேவல் எங்கயம்மா?"

சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தேன், வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, பெண் கைதிகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் பாங்கொக் விதிகள் எழுபது இருக்கின்றன. ஆரோக்கியத் துவாய் இலவசமாகக் கொடு என்றும், கூடியவரை வீட்டுக்குக் கிட்ட வை என்றும் அதில் உண்டு. எங்கள் நாட்டிலேயே 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பதே விலக்கு என்கிறது. சிறைக்குப் பதில் சமூக வேலை செய்விக்க 1999இல் இன்னொரு சட்டமும் வந்தது. நீதவான்மார் அதை இன்னும் தாராளமாகப் பாவிக்க வேண்டும் என்பது என் வாதம். தாயோடு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள், அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரம் போகிறது.

ஆனால் அந்த 15,000 ரூபாய்க்குச் சட்டம் வேண்டாம், சீட்டுப் போதும். கலியாணத்துக்குச் சீட்டுப் பிடிக்கிறோம், தையல் மெசினுக்குப் பிடிக்கிறோம். நான் மூன்று வருசமாகக் கத்துகிறேன், ஊருக்கொரு தண்டச் சீட்டு வேண்டும் என்று. அறுபது பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் வருசத்தில் 72,000. வட்டியில்லாமல் கொடுப்போம், வெளியே வந்து தவணையாகக் கட்டட்டும். அதோடு சரீரப் பிணைக்கு, அதாவது கையெழுத்து வைத்து ஆளுக்குப் பொறுப்பு நிற்க, ஊரில் இரண்டு பேர். கிராம அலுவலர் ஐயா, வதிவிட உறுதிக் கடிதத்தை அன்றைக்கே தருவேன் என்று இந்த மேடையில் வைத்தே சொல்லுங்கள் பார்ப்போம். தலையாட்டுகிறார், எல்லோரும் சாட்சி.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டி அதோ, வாசலடியில் இருக்கிற பிஸ்கற் தகரம். பொருளாளர் தங்கச்சி நீலக் கொப்பியோடு பக்கத்தில் நிற்கிறா. பெயரை எழுதிப் போட்டு, பிறகு வடையை எடுங்கள்.